மாருதி 800 முன்பக்கம் "டொக் டொக்": லோயர் ஆர்ம் முழுசா மாத்தணுமா, பால் ஜாயின்ட் மட்டும் போதுமா?

மடிப்பாக்கம்800
வணக்கம். வண்டி 2006 மாருதி 800, ஓடினது 1.1 லட்சம் கி.மீ. வேகத்தடையில இறங்கும்போது இடது முன்பக்கம் "டொக்"னு ஒரு அடி. பார்க்கிங்ல மெதுவா ஸ்டியரிங் திருப்பினா "கிறீச்". 60-க்கு மேல போனா வண்டி லேசா அலையுது. இடது டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு.

ஒரு மெக்கானிக் லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில வண்டியோட இணைக்கிற கை) ரெண்டு பக்கமும் புதுசு போடணும்ங்கிறார். இன்னொருத்தர், அந்த ஆர்ம் முனையில இருக்கிற பால் ஜாயின்டை (கிண்ணத்துக்குள்ள பந்து திரும்புற இணைப்பு) மட்டும் பிரஸ்ல தள்ளிட்டு புதுசு ஏத்தித் தரேன், பாதி செலவு கூட ஆகாதுங்கிறார். யாரை நம்புறது? ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்ட், ஸ்பேனர் செட் வீட்ல இருக்கு. நானே செய்யற வேலையா இது? ஆர்சி ரெண்டாவது தடவை புதுப்பிக்க ஆர்டிஓ போகணும், அதுக்குள்ள முடிக்கணும்.

ஸ்பேனர்14
பாகம் வாங்குறதுக்கு முன்னாடி ஜாயின்ட்தான் குற்றவாளியான்னு உறுதி பண்ணுங்க. அந்த "டொக்" சத்தத்துக்கு 800-ல அஞ்சு இடம் உண்டு: லோயர் பால் ஜாயின்ட், ஆர்மோட உள்பக்க புஷ் (ரப்பர் உருளை), ஸ்டெபிலைசர் பார் (ரெண்டு பக்க ஆர்மையும் இணைக்கிற கம்பி) புஷ், டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற தண்டோட முனை), ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட். அஞ்சும் காருக்குள்ள உட்கார்ந்து கேட்டா ஒரே மாதிரிதான் கேக்கும்.

முன்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்துங்க. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கிட்டு ஆர்மை இழுத்துப் பிடிச்சிருக்கும், ஜாயின்ட்ல இருக்கிற ஆட்டம் வெளிய தெரியாது. அரைகுறை செக்கிங்ல நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்புற ஜாயின்ட்ல பாதி இப்படித்தான் தப்பிக்குது.

சக்கரத்தைக் கடிகாரத்துல 12-6 மணி இடத்துல பிடிச்சு உள்ள-வெளிய ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் போச்சுன்னா வீல் பேரிங். பிரேக் மிதிச்சும் இருந்தா ஜாயின்ட் அல்லது உள்பக்க புஷ். இப்ப கீழ டார்ச் அடிச்சுப் பாருங்க, நக்கிளும் (சக்கரத்தைத் தாங்குற வார்ப்புப் பாகம்) ஆர்மும் சேர்ற இடத்துல நகருதா, ஆர்மோட உள்முனையில நகருதா? சந்தேகம்னா சின்ன கடப்பாரையை ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவுல வச்சு மெதுவா நெம்புங்க. 3-9 இடத்துல மட்டும் ஆடினா அது டை ராட் எண்ட், இல்லைன்னா ஸ்டியரிங் ரேக்.

கிறீச் சத்தத்துக்குத் தனி செக். வண்டி தரையில நிக்கட்டும். ஒருத்தர் ஸ்டியரிங் திருப்ப, நீங்க ஜாயின்டுக்குப் பக்கத்துல ஆர்ம் மேல விரலை வைங்க. காய்ஞ்ச ஜாயின்ட் விரலுக்கு அதிர்வாத் தெரியும். அங்க ஒண்ணும் இல்லாம போனட் திறந்து ஸ்ட்ரட் மேல் மவுண்ட் மேல கை வைக்கும்போது தெரிஞ்சா, பிரச்சினை மேல இருக்கு.

அம்பத்தூர்லேத்
பிரஸ்ல ஏத்துறதைக் கேட்டாலே எல்லாரும் பயப்படுறாங்க. ஆர்மோட போர் (ஜாயின்ட் உட்கார்ற துளை) ரவுண்டா, கீறல் இல்லாம இருந்தா, பிரஸ் ஃபிட் நல்ல வேலைதான். எத்தனையோ கார்ல கம்பெனியே ஜாயின்டை பிரஸ் பண்ணித்தான் தருது, மேல ஒரு சர்க்ளிப் (பூட்டு வளையம்) போட்டு. ஹைட்ராலிக் பிரஸ்ல, ஜாயின்ட் பாடியோட விளிம்புல மட்டும் அழுத்தம் விழற மாதிரி குழாய்த் துண்டு வச்சு நேரா இறக்கணும். நடு மூடி மேல அழுத்தினா உள்ள இருக்கிற கப் நசுங்கும். சுத்தியல்ல அடிச்சு ஏத்தறவங்க கிட்ட குடுக்காதீங்க, அவ்வளவுதான்.

மெட்டல்சார்
மேலே சொன்னது பொதுவாகச் சரி. ஆனால் 800-க்குப் பொருந்தாது. மாருதி இந்த வண்டிக்கு ஆர்மையும் ஜாயின்டையும் பிரிக்காமல் ஒரே பாகமாகத்தான் தருகிறது. தனி ஜாயின்ட் என்று கிடைப்பது வெளிச்சந்தைச் சரக்கு. பிரஸ் ஃபிட் நிற்பது முழுக்க இறுக்கத்தை நம்பித்தான். அந்த இறுக்கமோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக் கணக்கு. பழைய ஜாயின்டை வெளியே தள்ளும்போதே போர் கொஞ்சம் உரசிப் பெரிதாகும். இருபது வருடத் துருவும் சேர்ந்தால் புது ஜாயின்ட் கையாலேயே பாதி தூரம் இறங்கும். அங்கேதான் வினை தொடங்குகிறது: "லூசா இருக்கு சார், ரெண்டு டேக் அடிச்சிடறேன்."

அந்த "டேக்", அதாவது சின்னப் பொட்டு வெல்டிங், வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஜாயின்டுக்குள் பந்து உட்காரும் கிண்ணம் பிளாஸ்டிக், பெரும்பாலும் பாலிஅசெட்டால். அது 165 முதல் 175 டிகிரியில் உருகும். அதற்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி எஃகை உருக்குகிறோம். வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே கிண்ணம் இளகி, கிரீஸ் கருகி, ரப்பர் பூட் (ஜாயின்டை மூடும் உறை) அடிவிளிம்பில் சுருங்கியிருக்கும். புத்தம் புது ஜாயின்ட் சில மாதங்களில் ஆட ஆரம்பிப்பது இதனால்தான். பிறகு பழி ஜாயின்ட் செய்த கம்பெனி மேல்.

பழைய ஜாயின்டின் மூடியை வெட்டி, புது நைலான் வைத்து, மறுபடி மடக்கித் தரும் "ரீகண்டிஷன்" வேலையும் நடக்கிறது. டை ராட் எண்டில்கூட நான் அதை ஒப்பமாட்டேன். லோயர் ஜாயின்டில் பேச்சுக்கே இடமில்லை. பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்தால் சக்கரத்தின் அடிப்பக்கம் வெளியே விரிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். ஆக்சிலும் உள்முனையில் கழன்றுகொள்ளும். அதற்கப்புறம் ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தாலும் பயனில்லை.

அம்பத்தூர்லேத்
டேக் அடிக்கிறதுக்கு நானும் எதிரிதான் சார். போர் லூசுன்னா ஆர்ம் ஸ்கிராப், அதுல வாதமே இல்ல. 800-க்கு முழு ஆர்ம் சுலபமாக் கிடைக்குது, அதனால முழுசா மாத்தச் சொல்றதுல எனக்கும் ஆட்சேபம் இல்ல. ஆர்ம் கிடைக்காத வண்டிக்குத்தான் நான் பிரஸ் சொல்லுவேன்.

மடிப்பாக்கம்800
செக் பண்ணேன். ரெண்டு சக்கரமும் தூக்கித்தான். இடது பக்கம் 12-6-ல ஆட்டம், பிரேக் மிதிச்சும் போகல. நக்கிள் பக்கம்தான் நகருது, கண்ணுக்கே தெரியுது. பூட் கிழிஞ்சு, உள்ள செம்மண் கலர்ல பசை மாதிரி இருக்கு. வலது பக்கம் ஆட்டம் இல்ல, பூட்ல மயிரிழை வெடிப்பு மட்டும். வலதுக்கு பூட் மட்டும் மாத்தி கிரீஸ் அடிச்சா போதுமா?

ஸ்பேனர்14
செம்மண் கலர்னா அது கிரீஸ் இல்ல, துரு. இடது முடிஞ்சுது.

வலது பூட் வெடிப்பு உள்பக்கம் வரைக்கும் போயிருக்கான்னு பாருங்க. விரலால பூட்டைப் பிதுக்கும்போது கிரீஸ் கசிஞ்சா, தண்ணியும் அதே வழியில உள்ள போயிருக்கும். உங்க ஏரியாவுல மழைக்கு முட்டி அளவு நிக்கிற தண்ணியில வண்டி போயிருக்கும்ல? கசியலைன்னா, ஆட்டமும் இல்லைன்னா பூட் மட்டும் மாத்தலாம், ஆனா அதுக்கும் ஜாயின்டை நக்கிள்ல இருந்து கழட்டியே ஆகணும். அவ்வளவு தூரம் கழட்டிட்டு பழைய ஜாயின்டையே திரும்பப் போடுறது எனக்கு மனசு வராது. ஜோடியா மாத்தணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல, ஷாக் மாதிரி இது ஜோடிப் பாகம் கிடையாது. உங்க விஷயத்துல ரெண்டும் மாத்துறது நல்லதுன்னு சொல்றதுக்குக் காரணம் அந்த வெடிப்பு மட்டும்தான்.

ஊசியால பூட்டைக் குத்தி உள்ள கிரீஸ் ஏத்துற வழக்கம் ஒண்ணு இருக்கு. கிறீச் சத்தம் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்க அது நல்ல தந்திரம், கிரீஸ் போனதும் சத்தம் நின்னா ஆளு அவன்தான். வைத்தியமா அதை எடுத்துக்காதீங்க, தேஞ்ச கிண்ணம் கிரீஸால வளராது.

மடிப்பாக்கம்800
சரி, ரெண்டு ஆர்மும் முழுசா. எங்க வாங்கலாம், எதைப் பார்த்து வாங்கணும்?

அம்பத்தூர்லேத்
சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல இறங்கினா 800 பாகம் இல்லாத கடையே இல்ல. புதுப்பேட்டைக்கு இதுக்காகப் போகாதீங்க. கதவு, கண்ணாடி, நக்கிள்னா அங்க பழசு வாங்கலாம், பால் ஜாயின்ட் பழசு வாங்கவே கூடாது. உங்க நக்கிள் காது (ஜாயின்ட் பின்னைப் பிடிக்கிற பிளவுள்ள பகுதி) உடைஞ்சிருந்தா மட்டும் புதுப்பேட்டை.

பாக்கெட்டைப் பிரிச்சு கையில எடுத்துப் பாருங்க. ஜாயின்டோட பின்னை (பந்தோட சேர்ந்த தண்டு) விரலால அசைச்சா கெட்டியா, ஒரே சீரா நகரணும். தானா தொங்கி விழுந்தா அங்கேயே திருப்பிக் குடுத்துடுங்க. பூட் ரப்பர் மிருதுவா, அடியில வளையம் சரியா உட்கார்ந்து இருக்கணும். பின்ல குறுக்கே ஒரு பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளத்தோட ஓரம் கூர்மையா சுத்தமா இருக்கணும். ஆர்ம் இடது, வலது கேட்டு வாங்குங்க. கூடவே ரெண்டு கிளாம்ப் போல்ட்-நட் (நக்கிள் காதை இறுக்கிப் பிடிக்கிறது), ரெண்டு காட்டர் பின் (நட் கழலாம தடுக்கிற கம்பி), ஸ்டெபிலைசர் பார் புஷ் செட் முழுசு. போல்ட் ஹை-டென்சைல் கிரேடு, தலையிலேயே அச்சு இருக்கும். ஹார்டுவேர் கடை 4.6 போல்ட் அங்க போடவே கூடாது.

ஸ்பேனர்14
இப்ப கழட்டுற முறை. படிச்சிட்டு, உங்களால ஆகும்னு தோணினா மட்டும் இறங்குங்க.

முந்தின நாள் ராத்திரியே கிளாம்ப் போல்ட், ஆர்மோட உள்பக்க போல்ட், ஸ்டெபிலைசர் பார் முனை நட், மூணுக்கும் டபிள்யூடி-40 அடிச்சு ஊற விடுங்க. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடல் காத்து படுற பக்கம் நிக்கிற வண்டின்னா ரெண்டு நாள் முன்னாடியே. வண்டி தரையில இருக்கும்போதே வீல் நட் லேசா தளர்த்துங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை. முன்பக்கம் ரெண்டும் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்துங்க, ஜாக்கி மேல மட்டும் நிக்கிற வண்டிக்கு அடியில தலையை விடக்கூடாது. ரெண்டையும் தூக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணம், 800-ல ஸ்டெபிலைசர் பார் ஆர்ம் வழியாவே போகுது. ஒரு பக்கம் தரையில இருந்தா பார் ஆர்மை விட்டு வெளிய வராது, திரும்ப மாட்டும்போதும் ஓட்டைக்கு நேரா வராது.

கழட்டுறதுக்கு முன்னாடி பார் முனையில வாஷரும் புஷ்ஷும் எந்த வரிசையில, எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னு ஒரு போட்டோ எடுங்க. குழிஞ்ச வாஷரைத் திருப்பிப் போட்டா புஷ் சரியா அமுங்காது. 800-ல இந்த பார்தான் ஆர்மை முன்-பின்னா பிடிச்சு வைக்குது, அதனால ஒரு பக்கம் வாஷர் தப்பானா சக்கரம் சில மி.மீ. முன்னயோ பின்னயோ நின்னு காஸ்டர் (பக்கத்துல இருந்து பார்த்தா ஸ்டியரிங் அச்சோட சாய்வு) மாறி வண்டி இழுக்கும்.

பார் முனையில காட்டர் பின் எடுத்து காசல் நட்டைக் (தலையில பள்ளம் வெட்டின நட்) கழட்டுங்க. அடுத்து நக்கிள் கிளாம்ப் போல்ட். இதைத் தளர்த்தினா போதாது, முழுசா வெளிய எடுக்கணும். பின்ல இருக்கிற பள்ளத்துக்குள்ள போல்ட் குறுக்கே போகுது. பாதி போல்ட் உள்ள இருக்கும்போது சுத்தியல்ல எவ்வளவு அடிச்சாலும் பின் இறங்காது, காது மட்டும் விரியும். போல்ட் வந்தப்புறம் நக்கிள் பிளவுல தட்டை உளியை வச்சு லேசா ஒரு தட்டு, இறுக்கம் விட்டாப் போதும். அதிகம் விரிச்சா வார்ப்புக் காது கீறிடும். கீறல் அப்பத் தெரியாது, புது போல்டை இறுக்கும்போதுதான் உடையும்.

கடப்பாரையை ஆர்ம் மேல வச்சுக் கீழ அமுக்கினா பின் இறங்கிடும். இறங்கின உடனே நக்கிள் வெளிய ஆடும், அதை ஒரு கம்பியால ஸ்ட்ரட்டோட சேர்த்து உள்பக்கமா கட்டி வைங்க. விட்டா ஆக்சில் உள் ஜாயின்ட் கழன்று கியர்பாக்ஸ் பக்கம் வேலை இழுத்து வச்சிடும், பிரேக் ஹோஸும் இழுபடும். கடைசியா உள்பக்க போல்ட். அது புஷ்ஷோட இரும்புக் குழாய்க்குள்ள துருவால ஒட்டியிருந்தா, போல்ட் சுத்தும் ஆனா வெளிய வராது. நட்டை போல்ட் முனை மட்டத்துக்குத் திருப்பி வச்சுட்டு அது மேல அடிங்க, மரை காப்பாத்தப்படும்.

மெட்டல்சார்
மாட்டும்போது கவனிக்க வேண்டியதைச் சேர்க்கிறேன். நக்கிள் துளையை எமரி பேப்பரால் சுத்தம் செய்யுங்கள். பின் முழுதாக உள்ளே போனால்தான் அதன் பள்ளம் போல்ட் துளைக்கு நேராக வரும். புது போல்ட் கையாலேயே நுழைய வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் பின் இன்னும் உட்காரவில்லை என்று பொருள். அப்படியே அடித்து ஏற்றினால் போல்ட் பின்னின் ஓரத்தை வெட்டும், இறுக்கமும் பொய்யாகக் காட்டும். சுசூக்கியின் இந்த வகைச் சின்ன வண்டிகளில் கிளாம்ப் போல்ட் இறுக்கம் 50 முதல் 70 நியூட்டன் மீட்டர், அதாவது சுமார் 5 முதல் 7 கிலோகிராம்-மீட்டர் (kgf·m). டார்க் ரெஞ்ச் இல்லாமல் "நல்லா டைட்" என்பது அளவல்ல.

உள்பக்க போல்டையும் ஸ்டெபிலைசர் நட்டையும் சக்கரம் தொங்கும்போது இறுக்கவே கூடாது. சென்னையில் ஆர்ம் மாற்றும் இடங்களில் பாதிப் பேர் செய்யும் பிழை இது. புஷ்ஷின் ரப்பர் உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியது, அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலும் முறுக்கி விரைவில் கிழியும். கையளவு இறுக்கி, சக்கரம் மாட்டி, தரையிலோ கட்டை மேலோ இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று தடவை அமுக்கி விட்டபின் கடைசி இறுக்கம். காசல் நட் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுபோங்கள். பின்னோக்கித் தளர்த்திக் காட்டர் பின் போடாதீர்கள்.

இன்னோவா05
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கவும். 2005 இன்னோவா, அதுலயும் லோயர் ஜாயின்ட் சந்தேகம். இதே செக்கிங் எனக்கும் பொருந்துமா? தூக்கி ஆட்டிப் பார்த்தேன், ஒண்ணும் தெரியல.

ஸ்பேனர்14
பொருந்தாது அண்ணே. 800-ல வண்டி பாரம் ஸ்ட்ரட் வழியா நேரா மேல போகுது, கீழ் ஜாயின்ட் சக்கரத்தை இடத்துல பிடிச்சு வைக்கிறதோட சரி. இன்னோவாவுல மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம், ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல உட்கார்ந்திருக்கு. அதனால பாரம் முழுக்க கீழ் ஜாயின்ட் வழியாத்தான் போகுது. வண்டிச் சட்டத்துல (சேசிஸ்) ஜாக்கி குடுத்துச் சக்கரத்தைத் தொங்க விட்டா ஸ்பிரிங் ஆர்மைக் கீழ தள்ளி ஜாயின்டை இறுக்கி வச்சிடும், ஆட்டம் ஒளிஞ்சுக்கும். கீழ் ஆர்முக்கு அடியில, ஜாயின்டுக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அங்க ஜாக்கி குடுத்துத் தூக்குங்க. அப்புறம் சக்கரத்துக்கு அடியில கடப்பாரை விட்டு மேல நெம்பிப் பாருங்க.

கழட்டும்போதும் ஆர்முக்கு அடியில ஜாக்கி இருந்தே ஆகணும். ஸ்பிரிங் தனி, ஷாக் தனின்னு இருக்கிற பழைய வண்டிகள்ல ஜாக்கி இல்லாம ஜாயின்டைப் பிரிச்சா ஸ்பிரிங் பாய்ஞ்சு வெளிய வரும், ஆளைக் கொன்னுடும்.

உங்களுது டேப்பர் பின் (கூம்பு மாதிரி ஒடுங்கினது), காசல் நட். முள்கரண்டி மாதிரி ஆப்பை அடிச்சுப் பிரிச்சா பூட் கிழியும், பழைய ஜாயின்டுன்னா பரவாயில்ல. ஜாயின்டைக் காப்பாத்தணும்னா புல்லர் போடுங்க. இல்லைன்னா பின் உட்கார்ந்திருக்கிற கண்ணோட ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ரெண்டு சுத்தியலால அடிங்க, டேப்பர் பட்டுனு விடும். பின் நுனியில அடிச்சா மரைதான் போகும். புதுசு மாட்டும்போது டேப்பர் ரெண்டும் எண்ணெய் இல்லாம சுத்தமா இருக்கணும். நட் இறுக்கும்போது பின்னும் சேர்ந்து சுத்தினா கீழ இருந்து ஜாக்கியால அமுக்கிப் பிடிச்சு இறுக்குங்க.

இன்னோவா05
ஆர்ம்ல ஜாக்கி குடுத்துப் பார்த்தேன். நல்லாவே ஆடுது. நன்றி.

மடிப்பாக்கம்800
ரெண்டு பக்கமும் முடிச்சாச்சு. டொக் இல்ல, கிறீச் இல்ல. ஆனா ஸ்டியரிங் நேரா வச்சா வண்டி லேசா இடது பக்கம் இழுக்குது, ஸ்டியரிங் வீலும் கொஞ்சம் சாய்ஞ்சு நிக்குது. தப்பா மாட்டிட்டேனா?

ஸ்பேனர்14
அலைன்மென்ட் பண்ணாம இதை முடிவு பண்ண முடியாது. 800-ல டோ (மேல இருந்து பார்த்தா முன்சக்கரங்கள் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற அளவு) மட்டும்தான் சரிபண்ண முடியும், டை ராட் லாக் நட் தளர்த்தித்தான். கேம்பருக்கும் (முன்ன இருந்து பார்த்தா சக்கரத்தோட சாய்வு) காஸ்டருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, ஆனா மெஷின் நம்பர் காட்டும். பிரிண்ட் கேட்டு வாங்குங்க. முதல்ல நாலு டயர்லயும் காத்து அளவு சரியா இருக்கணும். உள்பக்கம் தேஞ்ச அந்த டயரை முன்னாடியே வச்சுக்கிட்டு இழுக்குதுன்னா குழப்பம்தான், அதைப் பின்னாடி மாத்திட்டு அப்புறம் அலைன்மென்டுக்குப் போங்க.

ஸ்டியரிங் வீலை நேரா பூட்டி வச்சுட்டு ரெண்டு டை ராடையும் சமமா திருப்பணும். ஒரு பக்கம் மட்டும் திருப்பி டோ கணக்கை முடிச்சா ஸ்டியரிங் சாய்ஞ்சேதான் நிக்கும்.

மெட்டல்சார்
பிரிண்டில் இடது வலது காஸ்டர் வித்தியாசம் பார்க்கவும். வண்டி பொதுவாகக் காஸ்டர் குறைந்த பக்கம்தான் இழுக்கும். இடது குறைவாக இருந்தால், இடது பார் முனையின் வாஷர் வரிசையை உங்கள் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மடிப்பாக்கம்800
போட்டோ பார்த்தேன், இடது பார் முனையில பின்பக்க வாஷர் குழி திரும்பி இருந்தது. மாத்திட்டு, தரையில வச்சே இறுக்கினேன். டயரைப் பின்னாடி போட்டு அலைன்மென்டும் ஆச்சு, டோ மட்டும் திருப்பினாங்க. இழுக்கல, ஸ்டியரிங் நேரா இருக்கு. ஆர்டிஓ-வுல கீழ குனிஞ்சு பார்ப்பாங்களா?

அம்பத்தூர்லேத்
இன்ஸ்பெக்டரைப் பொறுத்தது. லைட், ஹாரன், பிரேக், டயர் கட்டை கண்டிப்பாப் பார்ப்பாங்க. உள்பக்கம் மொட்டையான அந்த டயரை மாத்திட்டுப் போங்க, பின்னாடி போட்டாலும் கண்ணுல படும். அதுக்கு முன்னாடி ஒரு 50 கி.மீ. ஓட்டிட்டு கிளாம்ப் போல்டும் காட்டர் பின்னும் ஒரு தடவை பார்த்துடுங்க.